ஜாம் போத்தல் விளக்கும் லயத்துக் கூரையும்

(சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பாட ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டில் கழித்துப் போடுகிற பொருள்களை வைத்து வீட்டை எப்படித் திருத்தலாம் என்று பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தேன். இப்படி ஒரு பேச்சைத் தோட்டத் துரைமார் யாராவது கேட்டால், "பார், பழைய தகரத்தையும் போத்தலையும் வைத்து நன்றாக வாழலாமாம், பிறகு வீடு எதற்கு?" என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே அதை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். உங்களுக்கு வரவேண்டியது காணியும், உறுதியும், தனி வீடும். அதற்குப் பதிலாக எதையும் கொடுக்க நான் வரவில்லை. அந்த வீடு வரும்வரை இருக்கிற காம்பராவில் பிள்ளைகள் எரியாமல், நனையாமல், புகையில் இருமாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் என் பேச்சு. எதைச் செய்யவே கூடாது என்பதும் அதில் பாதி.

யாழ்ப்பாணத்தில் இதை நாங்கள் விரும்பிப் படித்தவர்கள் அல்ல. 1990 ஜூன் மாதம் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அந்த மின்சாரத்துக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? "லக்சபான கரண்ட்". உங்கள் மலையில், நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம், 1950இல் தொடங்கிய மின் நிலையம் அது. எங்கள் ஊரில் விளக்கு எரிந்தது உங்கள் ஆற்றுத் தண்ணீரால். அது நின்ற பிறகுதான் நான் ஒரு கேள்வியை யோசித்தேன்: லக்சபானவைச் சுற்றியிருக்கிற லயங்களில் அந்த நாளில் எத்தனை காம்பராவில் விளக்கு எரிந்தது? பதிலை உங்கள் அம்மாமார் சொல்வார்கள். ஆற்றைக் கொடுத்த மலையில் குப்பி விளக்கு. எங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த மின்சாரம் திரும்பி வரவில்லை. உங்களில் பலருக்கு அதற்கு முன்பும் வந்திருக்கவில்லை.

மின்சாரத்தோடு மற்றவையும் நின்றன. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றரி, மெழுகுதிரி, சவர்க்காரம், சீமெந்து, இரும்பு, உரம் எல்லாவற்றுக்கும் தடை, அல்லது கட்டுப்பாடு. கடலாலே கொஞ்சம், கிளாலி நீரேரி வழியாகக் கொஞ்சம் என்று வந்தது தங்க விலை. 2002இல் யுத்த நிறுத்தம் வந்து ஏ-9 வீதி திறக்கும்வரை இந்த நிலை கூடியும் குறைந்தும் இருந்தது. 2006 ஆகஸ்டில் வீதியை மறுபடி மூடினார்கள், மறுபடியும் அதே கதை. 2022இல் நாடு முழுக்க மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்றபோது தெற்கில் இருந்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார், "நீங்கள் எப்படி இதைத் தாங்கினீர்கள்?" என்று. அந்த ஆண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்குப் போனது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தாங்கியதில் முதல் ஆள் ஜாம் போத்தல் விளக்கு. வெறும் ஜாம் போத்தல். அடியில் ஒரு பிடி பஞ்சு, அல்லது பழைய பருத்தித் துணி. அதில் சில கரண்டி மண்ணெண்ணெய், பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும். சைக்கிள் ரியூபின் பழைய வால்வுக் குழாய்க்குள் நூல்திரி. அந்தக் குழாயை ஒரு கம்பியில் சுற்றி, கம்பியைப் போத்தல் வாயில் கொளுவித் தொங்கவிட்டால், சுடர் போத்தலுக்குள்ளேயே நிற்கும். கண்ணாடி காற்றைத் தடுக்கும். திரி மெல்லியது, ஆகவே சுடர் சின்னது, எண்ணெயும் குறைவாகக் குடிக்கும். இந்த வெளிச்சத்தில் படித்து ஓ.எல்., ஏ.எல். எழுதி, பல்கலைக்கழகம் போனவர்கள் இன்று உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்வதுண்டு. எனக்குப் பெருமையை விடக் கண்ணெரிச்சல்தான் அதிகம் நினைவில் இருக்கிறது.

ஆனால் அந்த விளக்கில் ஒரு நல்ல காரியம் இருந்தது, அதைக் கவனியுங்கள். எண்ணெய் பஞ்சுக்குள் இருக்கிறது. போத்தல் அகலமானது, கட்டையானது. பூனை தட்டிவிட்டாலும் எண்ணெய் குபுக்கென்று ஓடி வராது. மிச்சம் பிடிக்கத்தான் பஞ்சு வைத்தோம். அது பிள்ளைகளையும் காத்தது.

இதே விஷயத்தைத் தெற்கில் ஒரு சத்திர சிகிச்சை வைத்தியர் வேறு பக்கத்திலிருந்து கண்டுபிடித்தார். டாக்டர் விஜய கொடகும்புர. ஆஸ்பத்திரிக்கு எரிகாயத்தோடு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவர் கேட்ட கேள்வி: இவர்கள் எதனால் எரிகிறார்கள்? மருந்துப் போத்தல், சாராயப் போத்தல் போன்ற உயரமான ஒடுங்கிய போத்தலில் மண்ணெண்ணெய் நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டுத் திரி செருகிய குப்பி விளக்குகளால். கைபட்டால் விழும். விழுந்தால் உருளும். உருளும்போது திரி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டின எண்ணெயில் நெருப்புப் பிடிக்கும். அவருக்கு வழி காட்டியது மார்மைட் போத்தல். குள்ளம், கனம், இரண்டு பக்கம் தட்டை. அந்த வடிவில், திருகி இறுக்கும் உலோக மூடியோடு ஒரு விளக்கைச் செய்து 1992இல் பரப்பத் தொடங்கினார். விழுந்தாலும் உருளாது, திருகு மூடி கழலாது. லட்சக்கணக்கில் அந்த விளக்குகள் இந்த நாட்டு வீடுகளுக்குப் போயின. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

இப்போது எல்லோருக்கும் கரண்ட் இருக்கிறது, இதை ஏன் சொல்கிறாய் என்று கேட்கலாம். கரண்ட் கட்டணம் கட்டாமல் வெட்டிய வீடு எத்தனை? மழைக் காலத்தில் மரம் விழுந்து மூன்று நாள் கரண்ட் இல்லாத லயம் எத்தனை? அந்த மூன்று நாளும் என்ன செய்கிறீர்கள்? கட்டிலுக்குக் கீழே இருந்து பழைய குப்பி விளக்கை எடுக்கிறீர்கள். லயம் என்பது பத்துப் பன்னிரண்டு குடும்பத்துக்கு ஒரே கூரை, ஒரே மரச் சட்டம். ஒரு காம்பராவில் பிடித்தால் வரிசை முழுக்கப் போகும். லயம் எரிந்து, மாற்றுத் துணிகூட இல்லாமல் பாடசாலைக் கட்டடத்தில் படுத்த குடும்பங்களைப் பற்றிப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் உயரப் போத்தல் விளக்கு இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். மார்மைட் போத்தலோ, கட்டையான ஜாம் போத்தலோ தேடுங்கள். திருகு மூடி இருக்க வேண்டும். விளக்கு எரியும்போது எண்ணெய் ஊற்ற வேண்டாம். நைலோன், பொலியஸ்டர் பாவாடையோடு கிட்டப் போக வேண்டாம். அது எரிவதோடு உருகித் தோலோடு ஒட்டும்.

அடுத்தது டைனமோ. இதைச் சொல்லாவிட்டால் யாழ்ப்பாணத்தான் என்று நம்பமாட்டீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலிக்குக் கொடுப்போம். இரவு 9.15க்கு பி.பி.சி. தமிழோசை. ஒழுங்கையில் உள்ள சனம் எல்லாம் கூடும். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் இழுபடும், எல்லோரும் சேர்ந்து அவனை ஏசுவார்கள். டைனமோ தருவது ஆடலோட்டம், வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். அதற்குப் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய நாலு டயோட் போதும். என் வகுப்பில் படிப்பில் கடைசியாக இருந்த பையன்கள்தான் இதில் முதல் ஆட்கள். இன்று உங்களுக்கு இது தேவைப்படாது. சின்ன சோலர் தகடு மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் பிள்ளைகளிடம் ஒரு பழைய டைனமோவைக் கொடுத்துப் பாருங்கள். விஞ்ஞானப் பாடம் அங்கே தொடங்கும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். கிணற்றுக் கப்பி தேய்ந்தால் சைக்கிள் றிம்மைப் போட்டோம். தார்ப் பீப்பாயை வெட்டித் தட்டி விரித்தால் படலை. பிய்ந்த ரியூப் எல்லாவற்றுக்கும் கயிறு. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். துணி கொஞ்சம் மஞ்சளாகும், ஊத்தை போகும். புதினப் பத்திரிகைக்குத் தாள் இல்லாமல் அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சடித்து வந்தது. அம்மாமாரின் சேலைகள் மண் மூட்டையாகிப் பங்கருக்குப் போயின. கல்யாணச் சேலையை வெட்டித் தைத்தவர்களும் இருக்கிறார்கள். ரயில் நின்றுபோனது, தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர் கூரையாயின. 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பி வந்தது. வெடித்த ஷெல்லின் கோது பல பாடசாலைகளில் மணியாகத் தொங்கியது. இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறோம். யுத்தம் முடிந்த பிறகு பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடித்துச் செத்தவர்களும் காலிழந்தவர்களும் வடக்கில் இருக்கிறார்கள். பழைய சாமான் எல்லாம் நல்ல சாமான் அல்ல.

அந்த இடத்துக்குத்தான் நான் வரவேண்டும். எங்கள் ஊரில் "தோட்டம்" என்றால் மிளகாய், வெங்காயம், புகையிலைத் தோட்டம். உங்கள் தோட்டம் வேறு. ஆனால் இரண்டு தோட்டத்திலும் பொதுவான ஒன்று மருந்துக் கான். பூச்சி மருந்து, புல் மருந்து வந்த பிளாஸ்டிக் கான். தடிப்பானது, கைபிடி இருக்கிறது, மூடி இறுகும், தண்ணீர் வைக்க அதைவிட நல்ல பாத்திரம் கடையில் இல்லை. அதனால்தான் அது ஆபத்து. மருந்து பிளாஸ்டிக்குக்குள் ஊறும். மணம் போனால் நஞ்சு போய்விட்டது என்று நினைக்கிறோம், அப்படி அல்ல. பீலித் தண்ணீரைப் பிடித்து வைக்கவோ, எண்ணெய் வாங்கவோ, மலையில் குடிக்கத் தேத்தண்ணீர் கொண்டுபோகவோ அந்தக் கானை எடுக்காதீர்கள். மூன்று தரம் கழுவி, அந்தத் தண்ணீரையும் மருந்து அடிக்கும் தாங்கியிலேயே ஊற்றி, கானில் ஓட்டை குத்திவிட வேண்டும். ஓட்டை குத்தினால் அதை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். அதைச் செய்ய வேண்டியது நீங்கள் அல்ல, நிர்வாகம். மருந்துக் கான் எத்தனை ஸ்டோருக்கு வந்தது, எத்தனை ஓட்டையோடு திரும்பியது என்று கணக்குக் கேட்பது தோட்டக் கமிட்டித் தலைவரின் வேலை. மருந்து வந்த பையும் அப்படியே. உரப் பை வேறு, மருந்துப் பை வேறு. எழுத்துத் தெரியாவிட்டால் படம் பாருங்கள், மண்டையோடு இருந்தால் தொடாதீர்கள்.

இரண்டாவது அஸ்பெஸ்டஸ். உடைந்த துண்டைப் பாதையில் போடுவது, அடுப்புக்குப் பின்னால் சாத்துவது, வாளால் அறுத்துக் கோழிக்கூட்டுக்குப் போடுவது எல்லாம் எங்கள் ஊரிலும் நடக்கிறது. அறுத்தால், உடைத்தால் வருகிற தூள் நுரையீரலுக்குள் போய் இருந்துகொள்ளும். இருபது, முப்பது ஆண்டு கழித்து நோய் வரும். 60க்கு மேற்பட்ட நாடுகள் அதைத் தடைசெய்துவிட்டன, நாங்கள் இன்னும் வாங்கிக்கொண்டு இருக்கிறோம். கூரையில் உடையாமல் இருப்பதை அப்படியே விடுங்கள். கழற்ற வேண்டியிருந்தால் நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாக இறக்குங்கள். துண்டை வீட்டு வேலைக்கு எடுக்காதீர்கள்.

மூன்றாவது ரயர். இதில் உங்கள் மலைக்கு ஒரு தனிக் கதை உண்டு. பழைய லொறி ரயருக்குள் மண் நிரப்பி இறுக்கி அடுக்கினால் நல்ல படிக்கட்டு வரும். மழையில் வழுக்கும் லயத்துப் பாதைக்கு அது நல்லதுதான், செய்யுங்கள். மரக்கறிப் பாத்தியின் ஓரத்துக்கும் போடலாம். ஆனால் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் அணையைத் தாங்க ரயரை அடுக்கிவிட்டு, இனிப் பயமில்லை என்று படுக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மலையை எந்த ரயரும் தாங்கியிருக்காது. அங்கே மண் இறங்கும் அபாயம் இருப்பது முன்பே தெரிந்திருந்தது, சனத்துக்கு மாற்று இடம்தான் கொடுபடவில்லை. சுவரில் வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, மரம் சாய்வது, புது இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, கலங்கல் தண்ணீர் வருவது — இதில் ஒன்று கண்டாலும் ரயர் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறுங்கள். தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் எச்சரிக்கை வந்தால் கொழுந்து நிறையப் பார்க்காதீர்கள். இன்னொன்று, வெறும் ரயரில் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு. யாழ்ப்பாணத்தில் மாரி மழை தொடங்கினால் ஒவ்வொரு ஆண்டும் இதே பாடு.

சரி, பயம் காட்டியது போதும். செய்யக்கூடியதற்கு வருகிறேன். லயத்துக் காம்பராவில் மூன்று எதிரி: புகை, குளிர், இருட்டு.

அடுப்பை முதலில் பாருங்கள். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் பெரும் பங்கு காற்றுக்குப் போகிறது, புகை அம்மாவின் நெஞ்சுக்குப் போகிறது. 1980களில் இந்த நாட்டிலேயே வடிவமைத்த "அனகி" மண் அடுப்பு சந்தையில் கிடைக்கிறது. இரண்டு பானை வைக்கலாம், விறகு நன்றாக மிச்சம். அதைச் சுற்றிக் களிமண் பூசி வைத்தால் வருடக்கணக்கில் நிற்கும். பழைய பொருளில் செய்ய வேண்டுமென்றால் மரத்தூள் அடுப்பு. பெரிய பிஸ்கட் டின் அல்லது எண்ணெய் டின்னின் மேல் பக்கத்தை வெட்டி, கீழே பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்தில் ஓட்டை போடுங்கள். நடுவில் ஒரு வெறும் போத்தலை நிமிர்த்தி வையுங்கள். பக்க ஓட்டையால் ஒரு தடியைச் செருகிப் போத்தலின் அடியில் முட்ட வையுங்கள். காய்ந்த மரத்தூளை அல்லது உமியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நன்றாக இறுக்குங்கள். நிரம்பியதும் போத்தலைச் சுழற்றி மெல்ல மேலே எடுங்கள், தடியையும் உருவுங்கள். உள்ளே "ட" வடிவில் ஒரு குழாய் இருக்கும். கீழ் ஓட்டையால் நெருப்பு வைத்தால் ஊதாமல், விறகு தள்ளாமல் மணிக்கணக்கில் எரியும். இறுக்கம் போதாவிட்டால் உள்ளே சரிந்து அணைந்துவிடும், இறுக்குவதுதான் வித்தை. ஒரு கட்டளை: குளிர் காய்வதற்காக இதை மூடிய காம்பராவுக்குள் இரவில் வைக்காதீர்கள். தணல் அடுப்பும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத வாயு வரும், மணமும் இருக்காது. தூங்கினவர்கள் எழும்ப மாட்டார்கள்.

குளிருக்கு, கூரைக்குக் கீழே ஒரு தட்டு வேண்டும். தகரம் இரவில் குளிரும், உள்ளே உள்ள மூச்சும் சமையல் ஆவியும் அதில் பட்டு நீராகிப் பாயில் சொட்டும். மழையே இல்லாத நாளிலும் கூரை ஒழுகுகிறது என்று சொல்கிறீர்களே, அதில் பாதி இதுதான். நன்றாகக் கழுவிக் காயவைத்த உரப் பைகளை அவிழ்த்து, பக்கத்தோடு பக்கம் தைத்து, தகரத்திலிருந்து ஒரு சாண் கீழே இழுத்துக் கட்டுங்கள். தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் பிரயோசனம் இல்லை. நடுவில் அடைபட்டு நிற்கும் காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது, பை அல்ல. சுவர்ப் பக்கம் கொஞ்சம் சரித்துக் கட்டினால் சொட்டும் நீர் ஓரத்தால் வழியும். நீங்கள் இடுப்பில் கட்டுகிற படங்கு பிய்ந்துபோனால் அதையும் இதற்குள் சேர்க்கலாம்.

ஆனால் இந்தப் பைகள் எரிந்தால் சொட்டுச் சொட்டாக நெருப்பை ஊற்றும். ஆகவே அடுப்பு இருக்கும் பக்கத்தில் பை வேண்டாம், கடதாசி மட்டை வேண்டாம், சேலைத் திரை வேண்டாம். அங்கே பால்மா டின், எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, ஓரங்களை மடித்து ஒன்றோடொன்று கொளுவி ஒரு தகரத் தட்டியாகச் செய்யுங்கள். அதைச் சுவரோடு ஒட்டாமல், இரண்டு விரல் இடைவெளி விட்டு ஆணி அடியுங்கள். தட்டி சூடேறினாலும் பின்னாலுள்ள பலகை சூடேறாது. வெட்டிய ஓரத்தை மடிக்க மறக்க வேண்டாம், பிள்ளைகளின் கை.

இருட்டுக்கு ஒரு வழி பிரேசிலிலிருந்து வந்தது. அல்பிரெடோ மோசர் என்ற மெக்கானிக், 2002இல் அங்கே மின்வெட்டு மோசமாக இருந்தபோது, இரண்டு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலில் சுத்தத் தண்ணீர் நிரப்பி, இரண்டு மூடி பிளீச் விட்டு, கூரையில் ஓட்டை போட்டுப் பாதி வெளியே பாதி உள்ளே இருக்கச் செருகினார். வெயில் தண்ணீருக்குள் முறிந்து அறை முழுக்கப் பரவுகிறது. பகலில் 40 முதல் 60 வாட்ஸ் குமிழ் அளவு வெளிச்சம். பிளீச் பாசி பிடிக்காமல் காக்கும். பிலிப்பைன்ஸில் இதை ஆயிரக்கணக்கான குடிசைகளில் போட்டார்கள். உங்கள் மழைக்கு இது சரிவருமா என்று எனக்குச் சந்தேகம். ஓட்டையைச் சுற்றி அடைப்பது சரியாக வராவிட்டால் வெளிச்சத்தோடு தண்ணீரும் வரும். முதலில் கக்கூசிலோ, வெளிக் குசினியிலோ ஒன்று போட்டு ஒரு மழைக்காலம் பாருங்கள்.

இங்கேதான் உண்மையான பிரச்சினை. கூரையில் ஓட்டை போட யாரிடம் கேட்க வேண்டும்? யாழ்ப்பாணத்தில் பீப்பாயை வெட்டிப் படலை போட்டவன் தன் காணியில் போட்டான், யாரையும் கேட்கவில்லை. நீங்கள் ஒரு ஜன்னல் வைக்க, ஒரு குசினி இறக்க, துரையிடம் கடிதம் எழுத வேண்டும். கட்டின குசினியை இடித்துவிட்டுப் போன கதை இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் எல்லோருக்கும் காணி இருந்தது என்றும் நினைக்காதீர்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்ட சனம் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களில் பிறர் காணியில் இருந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று சொல்லி வந்தவர்கள். கால் நூற்றாண்டு போனது. நான் அந்த முகாம்களுக்குப் போவதுண்டு. கிடுகு, தகரம், யூ.என். படங்கு, அரிசிச் சாக்கு. அவர்களுக்குக் கைவேலை தெரியாததல்ல, கல் வீடு கட்டினவர்கள் அவர்கள். ஆனால் நல்லதாக ஒன்றைச் செய்யக் கை வராது. "நாளைக்குப் போகப்போகிறோம், ஏன் இதைத் திருத்துவான்?" என்பார்கள். திருத்தினால் காணிக்காரர் எழுப்பிவிடுவாரோ என்றும் பயம். காணி கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டது, இன்னும் விடுபடாததும் இருக்கிறது. முகாமில் பிறந்த பிள்ளை முகாமிலேயே கல்யாணம் செய்தது. உங்கள் லயமும் முதலில் தற்காலிகக் கொட்டில்தானே, 150 ஆண்டுக்கு முன்னால்?

ஆகவே சங்கத்திடம் இரண்டு காரியம் கேட்கிறேன். ஒன்று, தோட்டத்தில் லயக் கூரை மாற்றும்போதும், பக்டரி திருத்தும்போதும் கழற்றும் தகரம், பலகை, குழாய் எல்லாம் பழைய இரும்புக்காரருக்கு விலைக்குப் போகிறது. அதில் நல்லதைக் குடியிருப்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு காலத்தில் பக்டரியில் உடைந்த தேயிலைப் பெட்டிதான் உங்கள் வீட்டு அலுமாரி. எங்கள் ஊரிலும் எத்தனையோ பேர் அதில்தான் புத்தகம் அடுக்கினோம். இப்போது தேயிலை கடதாசிப் பையில் போகிறது, அந்தப் பெட்டியும் இல்லை. இரண்டு, ஜன்னல், புகைபோக்கி, கூரைத் தட்டு போன்ற சின்னத் திருத்தங்களுக்கு அனுமதி தேவையில்லை என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் உடன்பாடு எழுதி வாங்குங்கள். இந்திய வீடமைப்பில் முதலில் 50,000 வீட்டில் மலையகத்துக்கு வந்தது 4,000. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 என்று அறிவித்தார். அந்த எண்ணிக்கையை லயத்தில் இருக்கும் குடும்பங்களோடு வைத்துப் பாருங்கள். வரிசையில் கடைசிக் குடும்பத்துக்கு வீடு வர எத்தனை ஆண்டு? அத்தனை ஆண்டும் அந்தப் பெண் புகையில்தான் சமைக்க வேண்டுமா?

இன்னொரு பேச்சு ஆண்களுக்கு. பழைய பொருளில் வீட்டைத் திருத்துவது என்றால் யார் செய்வது? காலை நான்கு மணிக்கு எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, மலை ஏறி, கூடை நிறைத்து, இறங்கி, விறகு பொறுக்கி வருகிறவள்தான் இரவில் இருந்து உரப் பையும் தைக்க வேண்டுமா? யாழ்ப்பாணத்திலும் பொருளாதாரத் தடைக் கதையை ஆண்கள் டைனமோவாகச் சொல்வார்கள். அந்த ஆண்டுகளில் ஒரு கரண்டி எண்ணெயில் ஓர் இரவை ஓட்டியது பெண்கள். தகரம் வெட்டுவதும் ஆணி அடிப்பதும் ரயருக்கு மண் நிரப்புவதும் தம்பிமாரின் வேலை என்று இப்போதே பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு லயமாகச் சேர்ந்து ஒரு காம்பராவைச் செய்தால் ஒரு நாளில் முடியும்.

பேச்சு நீண்டுவிட்டது. அந்த மேசையில் இரண்டு பிஸ்கட் டின்னும் ஒரு சாக்கு மரத்தூளும் இருக்கிறது. மரத்தூளைத் தொட்டுப் பார்த்தேன், கொஞ்சம் ஈரம், எரியும்போது முதலில் புகைக்கும். ஆகவே வெளியே முற்றத்துக்குக் கொண்டு வாருங்கள். வெறும் போத்தல் யாரிடம் இருக்கிறது?